புதுப்பிப்பு: இழப்பீடு குறித்த சமூக ஆய்வுக்கு நிதி கிடைத்தது

கழிவுநீர்த் தொட்டியில் இறந்த தொழிலாளர்களின் குடும்பத்தாரே, இழப்பீடு வந்து சேர்ந்ததா என ஆய்வு செய்ய நிதி பெறும் வழியை மார்ச் மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. உள்நாட்டு அறக்கட்டளை ஒன்று நிதி ஒதுக்கிவிட்டது.

முதலில், வெளிநாட்டு நிதி பெறும் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாகத் தொகையைப் பெற முயன்றோம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, 2020 திருத்தத்துக்குப் பின், அத்தகைய நிதியை வேறு எவருக்கும் மாற்றித் தருவதைத் தடுப்பதால் அந்த வழி அடைபட்டது. உள்நாட்டு அறக்கட்டளையை நாடி, களப்பணி செய்யும் குடும்பத்தாரின் மதிப்பூதியத்தை நிர்வாகச் செலவில் கலக்காமல் தனித் தலைப்பில் காட்டுமாறு இங்கு ஒருவர் கூறிய யோசனையே பலித்தது.

அறக்கட்டளை நடத்திய நேர்காணலில் எதிர்பாராத கேள்வி ஒன்று எழுந்தது: திரட்டும் தரவு யாருக்குச் சொந்தம்? கணவரை இழந்த பெண் ஒருவர், உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பின்படி 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கோரி அளித்த மனுவின் நகலை, மடிப்பெல்லாம் கிழிந்திருந்த அந்தத் தாளை, மேசைமேல் விரித்து, "இது எங்க வீட்டுக் காகிதம், எங்ககிட்டதான் இருக்கணும்" என்றார். அதுவே ஒப்பந்தத்தில் நிபந்தனையாக இடம்பெற்றுள்ளது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியிருப்பதால், இத்தகைய ஆய்வை மேற்கொள்வோர், எந்தத் தொகை பொருந்தும் என அறிய, இறந்த தேதியையும் தொகை பெற்ற தேதியையும் வினாப்பட்டியலில் தவறாமல் கேளுங்கள்.