ஆம்பியன்ட் இசைக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

பாப்பிரெட்டிப்பட்டி, பள்ளி ஆசிரியை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கையேடு எழுதியிருக்கிறேன். சினிமாப் பாட்டுக்கு அப்பால் உலகத்தில் என்னென்ன இசை நடக்கிறது, அதை எங்கே போய்த் தேடுவது, எப்படிக் காது கொடுப்பது என்பதுதான் பொருள். தர்மபுரி அச்சகத்தில் வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். நான்கு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ஆம்பியன்ட், எக்ஸ்பெரிமென்டல், ட்ரோன் (ஒரே ஒலியை விடாமல் நீட்டும் இசை), ஃபீல்ட் ரெக்கார்டிங் (வெளியிடங்களின் ஒலியைப் பதிவது).

கடைசிச் சொல்லுக்குக் களப்பதிவு என்று போட்டுவிட்டேன். யாருக்கும் மறுப்பு இராது. மற்ற மூன்றும் படியவில்லை, அதிலும் முதல் சொல்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில்தான் இந்தப் பெயரை வைத்து, என்ன பொருளில் சொல்கிறேன் என்று உறையில் குறிப்பும் எழுதினார். கடைகளில் சும்மா ஓடவிடும் மெல்லிசையிலிருந்து தன் இசையைப் பிரித்துக் காட்டுவது அவர் நோக்கம். உட்கார்ந்து கவனித்தால் அதில் சரக்கு இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் உறுத்தக் கூடாது. இதற்குப் பின்னணி இசை என்று எழுதினால், கதாநாயகன் நடந்து வரும்போது அதிர அடிப்பதைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

சொல் தாருங்கள்.

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சூழிசை. சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை என மூன்று காலத்துக்கும் விரியும். காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்பது நன்னூல். தொடக்கமும் முடிவும் துலக்கமாகத் தெரியாத இசை என்கிறீர்கள். காலத்தை ஒளித்து வைத்திருக்கும் தொகையை விடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்?

சூழல் இசை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மரம் நடு விழாவில் பாடும் பாட்டு என்று ஆகிவிடும்.

ஓசூர், ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர்

ஐயா சொல்லும் இலக்கணம் சரி. ஆனால் இந்தக் கையேடு எதற்கு? பிள்ளைகள் புது இசையைத் தேடிக் கண்டுபிடிக்க. அக்கா, லராஜியைப் பற்றிய பக்கத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நியூயார்க் பூங்காவில் மின்னொலி கூட்டிய ஸிதர் என்ற தந்திக்கருவியை வாசித்துக்கொண்டிருந்தவர். ஈனோ அவருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். 1980-இல் ஈனோவின் தயாரிப்பில் லராஜியின் தட்டு வெளிவந்தது. அரூரிலும் தளியிலும் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பூங்கா எட்டாது. கைப்பேசியில் தேடல் பெட்டிதான் எட்டும். அதில் சூழிசை என்று அடித்தால் என்ன வரும்? பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறிச்சொல் உண்டு. அதைத் தட்டினால் ஃபின்லாந்து, சிலி, ஈரான் என்று ஊர் ஊராக இசை கொட்டும். அந்தச் சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் தனித்தமிழைக் கொடுப்பது நியாயமில்லை.

இன்னொன்று. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ழகரம் அவர்கள் வாயில் ளகரமாகத்தான் வரும். ஆம்பியன்ட் என்றே விடுங்கள்.

காரிமங்கலம், தற்போது பெங்களூரு

ஓசூர் அண்ணன் சொல்லும் தேடல் பெட்டி வாதத்துக்குச் சப்பானில் பதில் இருக்கிறது. அவர்கள் இதைக் கன்க்யோ ஒங்காகு என்றார்கள். முதல் சொல்லுக்குச் சூழல், இரண்டாவதற்கு இசை என்று பொருள். ஹிரோஷி யோஷிமுரா 1982-இல் ஒன்பது அஞ்சலட்டைகளுக்கு என்று ஓர் இசைத்தொகுப்பு செய்தார். டோக்கியோவின் ஹரா அருங்காட்சியகத்துக்குள் ஒலிக்கவிட்ட இசை அது. மிகக் குறைந்த சுரங்கள்; ஒன்று அடங்கின பிறகே அடுத்தது வரும். வெளிநாட்டில் வெகுகாலம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 2019-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்தக் காலத்துச் சப்பானிய இசையைத் தொகுத்தபோது, தொகுப்புக்கே கன்க்யோ ஒங்காகு என்றுதான் பெயர் வைத்தது. இன்று பிரேசில்காரரும் அந்தப் பெயரை அடித்துத் தேடுகிறார். பெயர் இருந்தால்தானே தேடுவார்கள்? தமிழில் அப்படி இசை செய்பவர் நாளைக்கு வரும்போது குறிச்சொல் தயாராக இருக்கட்டும்.

அரூர், தமிழ் ஆய்வு மாணவர்

எல்லாருக்கும் வணக்கம். நான் வேறொரு சொல்லை முன்வைக்கிறேன்: தூங்கிசை. அவசரப்பட்டு மறுக்காமல் முழுதும் படியுங்கள்.

இது நான் புதிதாகக் கட்டியது அல்ல. வெண்பாவின் செப்பலோசையை ஏந்திசை, தூங்கிசை, ஒழுகிசை என்று மூன்றாகப் பிரித்தார்கள். வெண்சீர் வெண்டளை மட்டும் வந்தால் ஏந்திசை, இயற்சீர் வெண்டளை மட்டும் வந்தால் தூங்கிசை, இரண்டும் கலந்தால் ஒழுகிசை. தொல்காப்பியர் வஞ்சிக்குச் சொன்ன ஓசையும் தூங்கல்தான். தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல், மெல்ல நகர்தல். யானை நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருப்பதற்கும் தூங்குதல் என்றே பெயர். இந்த இசை செய்வதும் அதுதான். எங்கும் போவதில்லை, நின்ற இடத்தில் ஆடுகிறது.

நம் மண்ணுக்கு வருவோம். தகடூர் அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்று 89-ஆம் பாட்டு. உங்கள் நாட்டில் போர் செய்ய ஆள் உண்டா என்று பகைவேந்தன் விறலியிடம் கேட்கிறான். அடிக்கும் கோலுக்கு அஞ்சாத பாம்பைப் போன்ற இளைய மறவர் உண்டு என்று தொடங்கி, பிறகு சொல்கிறாள்: "பொதுவில் தூங்கும் விசியுறு தண்ணுமை வளிபொரு தெண்கண் கேட்பின், அதுபோர் என்னும் என்னையும் உளனே." மன்றத்தில் இறுக்கிக் கட்டித் தொங்கவிட்ட தண்ணுமை. அடிப்பவர் யாருமில்லை. காற்று வந்து அதன் முகத்தில் மோதுகிறது, ஒலி எழுகிறது. ஊரே அதைக் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருக்கும். என்னை, அதாவது என் தலைவன், மட்டும் போர் என்று எழுகிறான். வாசிப்பவன் இல்லாத ஒலி, கேட்பவன் மனநிலைக்கு ஏற்பப் பொருள் மாறும் ஒலி. ஈனோ உறையில் எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தூங்கும் என்ற வினையும் பாட்டிலேயே இருக்கிறது.

ஈனோவுக்கு இந்த எண்ணம் வந்ததும் படுக்கையில்தான். 1975-இல் விபத்துக்குப் பிறகு எழுந்திரிக்க முடியாமல் கிடந்தபோது தோழி ஒருவர் யாழ் போன்ற ஹார்ப் இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் போனார். ஒலி மிகக் குறைவு, ஒரு பக்க ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, வெளியே மழை. மழையும் ஹார்ப்பும் ஒன்றாகிக் காதில் விழுந்தன. தூங்கிசை என்றால் இந்தக் காட்சி முழுதும் அதில் அடங்குகிறது.

பாப்பிரெட்டிப்பட்டி, பள்ளி ஆசிரியை

தம்பி, அந்தப் புறநானூற்றுப் பாட்டைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்கிறேன். ஆனால் தூங்கிசை என்று அட்டையில் போட்டால், தூங்க வைக்கும் இசை என்றுதான் வகுப்பு முழுதும் படிக்கும். தூக்கத்துக்கு ஓடவிடும் பத்து மணி நேரக் காணொளிகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து பிள்ளைகளை மீட்டுக் காது கொடுக்க வைப்பதுதான் என் பாடு.

அரூர், தமிழ் ஆய்வு மாணவர்

அந்தப் பொருள் வந்தாலும் குற்றமில்லை அம்மா. தூங்குபவர்களுக்கென்றே எட்டு மணி நேரத்துக்கும் மேலான படைப்பொன்றை இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டர் 2015-இல் வெளியிட்டார். தூக்கமும் கேட்பதில் ஒரு வகை. அதோடு சூழ் என்பது மட்டும் தெளிவான சொல்லா? சூழ்தல் என்றால் ஆராய்தல், திட்டமிடுதல். சூழ்ச்சி அங்கிருந்துதான் வந்தது. "மற்றொன்று சூழினும் தான்முந் துறும்" என்ற குறளில் சுற்றி நிற்கும் பொருளா இருக்கிறது?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி கேட்டது நல்ல கேள்வி. சூழ் என்பதன் முதற்பொருள் சுற்றுதல். ஒரு செய்தியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பதால் ஆராய்தல் பிறந்தது. கூடிச் சூழ்ந்து பேசுவதால் சூழ்ச்சி பிறந்தது. குறளில் அமைச்சனின் சூழ்ச்சி நற்பொருள்தான்; பிற்காலத்தில்தான் இழிந்தது. இரு பொருளும் இந்த இசைக்கு ஒத்து வருகின்றன: சுற்றி நிற்கவும் வேண்டும், ஆய்ந்து செய்யவும் வேண்டும். சூழ், சுழல், சுழி, சுற்று எல்லாம் ஒரு வேர். சுழல்கின்ற ஒலிநாடாவைத் துண்டாக்கி வளையமாக ஒட்டி ஓடவிடுவது இந்த இசைக்காரர்களின் வழக்கமாமே, அதுவும் சுழல்தான்.

ஊத்தங்கரை, நூலகர்

நீங்கள் எல்லாரும் புறநானூற்றோடு நின்றுவிட்டீர்கள். எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் போனால் வருவது செங்கம். நன்னன் ஆண்ட செங்கண்மா. அவனைத் தேடிப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், நடுவில் ஓரிடத்தில் நின்று மலையில் என்னென்ன ஒலி கேட்கும் என்று அடுக்குகிறது. அருவியில் ஆடுவோர் ஒலி, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, ஆலைதொறும் ஞெரேரெனக் கரும்பு நொறுங்கும் ஓசை. எல்லாம் ஒன்றாகக் கலந்து திசையெங்கும் ஒலிப்பதை யானையின் மதத்தோடு சேர்த்துச் சொன்னதால்தான் நூலுக்கே அந்தப் பெயர். 1973-இல் கனடாவில் இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபரின் குழுவினர் வான்கூவர் நகரத்து ஒலிகளைப் பதிந்து தட்டாக வெளியிட்டதைப் பெரிதாகச் சொல்கிறோம். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் கருவி இல்லாமல் அதைச் செய்துவிட்டார்.

படு என்பதற்கு ஒலித்தல் என்ற பொருள் சங்க இலக்கியத்தில் நிறைய. இசைபடு வள்ளை என்றே அங்கு வருகிறது. எனவே படுஇசை என்றும் யோசிக்கலாம். தொல்காப்பிய உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவப் பொருள, அதாவது ஒலியைக் குறிப்பன, என்றிருக்கிறது. சும்மையை ஏன் யாரும் தொடவில்லை? சும்மா என்ற சொல்லும் அதுவும் உறவா என்று பார்க்க வேண்டும். ஒன்று பேரொலி, மற்றது அமைதி.

ஓசூர், ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர்

நூலகர் ஐயா, சும்மையைத் தனி இழையில் பேசுவோம். நாளை மறுநாள் வெள்ளி.

பாலக்கோடு, நாகசுர ரசிகர்

ட்ரோனைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம்மிடம் சொல் இருக்கிறது: ஒத்து. நாகசுரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதும் கருவி. பார்க்க நாகசுரம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளை கிடையாது. அடிப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். ஊதுபவர் கன்னத்தில் காற்றை நிறைத்து, மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடுவார். ஊர்வலம் நாலு வீதி சுற்றினாலும் அந்த ஒலி அறுபடாது. இன்று பெரும்பாலும் சுருதிப்பெட்டி வந்து அவர்கள் வேலை போய்விட்டது. பிரான்சில் எலியான் ராடிக் ஏ.ஆர்.பி 2500 என்ற மின்னிசைக் கருவியில் ஓர் ஒலியை நீட்டி, மாறுவதே தெரியாமல் மாற்றிக்கொண்டு போவதை வியந்து கேட்கிறோம். நியூயார்க்கில் லா மாண்டி யங் ஒற்றை ஒலியை நீட்டுவதை வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். 1970-இல் கிரானா கரானா என்ற வட இந்திய இசை மரபின் பண்டிட் பிரான் நாத்திடம் சீடரானார். ஒத்துக்காரரின் காதும் அதே காதுதான்.

ஒத்து ஊதுகிறான் என்று ஆமாம் போடுபவனை இகழ்வது நம் பேச்சில் படிந்துவிட்டது. அதற்காகச் சொல்லை விடக் கூடாது. ஒத்திசை என்று எழுதினால் வேறு பொருளாகிவிடும். ஒத்து, ஒத்தொலி இரண்டில் ஒன்றை வையுங்கள்.

காரிமங்கலம், தற்போது பெங்களூரு

ஒத்தொலிக்கு என் ஓட்டு. எக்ஸ்பெரிமென்டலுக்குச் சோதனை இசை வேண்டாம். வீட்டில் கெட்டது நடந்தால் என்ன சோதனையோ என்பார்கள். பரிசோதனை என்றால் ரத்தப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். விளைவு முன்கூட்டித் தெரியாத செயல் என்பது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் சொன்ன விளக்கம். அதைக் கொண்டு ஒரு சொல் கட்ட முடியுமா? இந்தோனேசியாவின் செனியாவா என்ற இருவர் குழுவில் ஒருவர் மூங்கிலில் தானே கருவி செய்து வாசிப்பவர். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் (Moog) என்ற மின்னிசைக் கருவியோடு ஓர் ஒலிக்கூடம் அமைத்துக் கொடுக்க, கீதா சாராபாய் போன்றோர் அங்கே ஒலிநாடாவில் செய்த வேலைகள் 2023-இல்தான் வெளியே வந்தன. இவர்களை எல்லாம் ஆய்விசை என்று சொல்லலாமா?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஆய்விசை என்றால் இசை ஆராய்ச்சி என்று படிப்பார்கள். முயலிசை என்று ஒரு கணம் நினைத்தேன். முயலின் இசை ஆகிவிடும். எனக்கு எட்டவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி, பள்ளி ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை கோப்பை அனுப்புகிறேன். தலைப்பில் சூழிசை. முதல் முறை வரும் இடத்தில் ஆம்பியன்ட் என்றும் சொல்லி, தேடுவதற்கான ஆங்கில எழுத்துகளைப் பக்கத்தின் அடியில் தனிக் கட்டத்தில் தருகிறேன். ஓசூர்த் தம்பியின் கவலை நியாயமானது. ட்ரோனுக்கு ஒத்தொலி, ஒத்துக்கருவியைப் பற்றி ஒரு பத்தியோடு. எக்ஸ்பெரிமென்டலுக்கு வேறு வழியில்லாமல் சோதனைமுறை இசை என்று விட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை, மறுபதிப்புக்குள் நல்ல சொல் கிடைத்தால் மாற்றுகிறேன்.

அரூர், தமிழ் ஆய்வு மாணவர்

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன், உடன்படவில்லை. சூழிசை எந்த ஒலிபெருக்கிக் கடைக்காரரும் தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளக்கூடிய சொல். நாலு பக்கமும் ஒலிபெருக்கி வைத்தாலே சூழிசைதான். அந்த இசை அசையும் விதம் அதில் இல்லை. என் கட்டுரைகளில் தூங்கிசை என்றே எழுதுவேன். புறநானூற்றுப் பாட்டை அச்சிடும்போது "வளிபொரு" என்பதைச் சேர்த்தே போடுங்கள் அம்மா, பிரித்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.