இரண்டு டெசிமல் நெடுவரிசை போதுமாம்!

தரமணி_டேட்டா: பக்கத்து இழையில் ஒருத்தர், “சென்னைக்குள் மட்டும் டீக்கடை தேடும் செயலிக்கு போஸ்ட்ஜிஐஎஸ் (டேட்டாபேஸில் இடத் தகவலைக் கையாளும் இணைப்பு) எதற்கு? அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு டெசிமல் (தசம எண்) நெடுவரிசை போதும்” என்று அளந்திருக்கிறார். பூமியின் மேல் உள்ள இடத்தைக் குறிக்கும் ஜியோகிராஃபி வகையில் ஒரு நெடுவரிசை, தேடலை வேகமாக்க அதன் மேல் ஜிஸ்ட் இண்டெக்ஸ், இத்தனை தூரத்துக்குள் என்று தேட எஸ்டி_டிவிதின். வேலை முடிந்தது. புள்ளி போடும்போது தீர்க்கரேகைதான் முதலில். இது தெரியாதவர்கள்தான் டெசிமலைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்.

29சி: அந்த ஒருத்தர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அட்சரேகைதான் முதலில். கூகுள் மேப்ஸில் பாருங்கள்: 13.08, 80.27. அதுதான் சென்னை.

தரமணி_டேட்டா: அதை அப்படியே போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் புள்ளி போடும் எஸ்டி_மேக்பாயிண்டில் போடுங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். ரயிலைப் பிடிக்க ஸ்வெட்டரோடு போங்கள்.

29சி: மைஎஸ்க்யூஎல் 8.0 என்ற இன்னொரு டேட்டாபேஸில் 4326 (அட்சரேகை-தீர்க்கரேகை முறைக்கான குறியீட்டு எண்) கொடுத்து, உரையாகப் புள்ளி எழுதினால் அட்சரேகைதான் முதலில். உங்கள் வரிசையில் கொடுத்தால் அங்கேயும் அதே ஆர்க்டிக்தான். 80 என்பது அட்சரேகையின் உச்சமான 90-க்குள் இருப்பதால் பிழைகூட வராது.

தரமணி_டேட்டா: மைஎஸ்க்யூஎல் பற்றி யார் கேட்டார்கள்? வரைபடத் தகவலைப் பரிமாறும் ஜியோஜேசன் தரமே தீர்க்கரேகை முதலில் என்கிறது. அந்த இழையிலும் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்தானே?

29சி: ஓடவில்லை, ஆபீஸ் வேலை இருந்தது. சிலருக்கு அது இல்லை போல. சென்னையில் ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கி.மீ., தீர்க்கரேகை சுமார் 108. டீக்கடை தேட இந்த வித்தியாசம் உதைக்குமா?

தரமணி_டேட்டா: நாளைக்கே முதலாளி டெல்லியிலும் ஆரம்பிப்பார். அங்கே தீர்க்கரேகை டிகிரி சுமார் 98 கி.மீ. அப்புறம் உட்கார்ந்து மாற்றுங்கள். அதுவும் போகட்டும், மாநகராட்சியின் 200 வார்டுகளில் ஒரு கடை எதில் விழுகிறது? வார்டு எல்லையை வரையும் பாலிகன் (பலகோணம்) இல்லாமல் சொல்லுங்கள் பார்ப்போம். தீர்க்கரேகை முதலில்!

அடையாறு_ஆந்தை: வரிசை கிடக்கட்டும். கோட்டூர்புரத்தில் நின்று தேடினால் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கடையை “மிக அருகில்” என்று காட்டுகிறதே, நீந்தியா போவது? இருவருடைய நேர்கோட்டுத் தூரமும் தண்டம். சாலைகளை வைத்துக் கணக்கிட, போஸ்ட்ஜிஐஎஸ்ஸோடு சேரும் பிஜிரவுட்டிங் இருக்கிறது.

29சி: பாலம் இருக்கிறது மேடம். அட்சரேகை முதலில்.

மைலாப்பூர்_மாமா: வார்டு எல்லைக்கோட்டிலேயே ஒரு டீக்கடை இருந்தால் எந்த வார்டில் சேரும்?

தரமணி_டேட்டா: உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் எஸ்டி_கன்டெயின்ஸ் அதை இரண்டிலும் சேர்க்காது, தொட்டாலே போதும் என்னும் எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் இரண்டிலும் காட்டும். டெசிமல்காரர் என்ன காட்டுவார் என்று அவரையே கேளுங்கள்.

மைலாப்பூர்_மாமா: அப்போ கடைக்காரருக்கு ஓட்டு இரண்டா?

29சி: மாமா, எனக்கு வார்டே வேண்டாம், டீ போதும்.

தரமணி_டேட்டா: கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எஸ்டி_மேக்பாயிண்டில் எது முதலில்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

29சி: எந்த டேட்டாபேஸில்?

தரமணி_டேட்டா: பார்த்தீர்களா, மறுபடியும் ஓடுகிறார்!