கருப்பாயி அம்மாள் வகையறா (குழு)

செல்வி அத்தை: இனியா காதுகுத்துக்குக் கிடா இரண்டா மூன்றா? கிடாக்காரர் இன்றைக்கே கேட்கிறார்.

ராசு பெரியப்பா: இலை எத்தனை

கவின்: அதற்கு முன்னால் ஒரு அவசரம். சனிக்கிழமை இரவு மண்டபத்தில் மாமன் வீட்டுப் பசங்களோடு பிஜிஎம்ஐ, அதுதான் மொபைலில் சுட்டு விளையாடும் கேம். நமக்குள் தனியாக ஆட ரூம் கார்டு வாங்கியாச்சு. தோற்றவர்கள் மறுநாள் பந்தி பரிமாற வேண்டும். நம் பக்கம் மூன்று பேர்தான், ஒரு ஆள் குறைகிறது.

விக்னேஷ்: பந்தியா?? யார் ஒப்புக்கொண்டது

கவின்: சித்தப்பா

மங்கை பெரியம்மா: பிரபு பரிமாறினால் ரசம் கடைசி வரிசைக்கு வராது. சரண்யா கல்யாணத்தில் பார்த்தோமே.

பிரபு சித்தப்பா: ஒரு அண்டா போதும் என்று சொன்னது நான் இல்லை அண்ணி. அது கிடக்கட்டும். பசங்களா, கவனமாகப் படியுங்கள். மேப் லிவிக். மொத்தமே 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர். பக்கத்துப் பக்கத்தில்தான் சண்டை வரும். பொங்கலுக்கு நாம் தோற்றது எதனால்? மூன்று பேரும் எம்416 துப்பாக்கிதான் வேண்டும் என்று வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தீர்கள். நல்ல துப்பாக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் மஸில், கிரிப், மேகசின், ஸ்டாக், ஸ்கோப் என்று ஐந்து உதிரிபாகமும் மாட்டினால்தான் அது முழுசாகச் சொன்ன பேச்சைக் கேட்கும். ஏகேஎம் துப்பாக்கிக்கு கிரிப்பும் கிடையாது, ஸ்டாக்கும் கிடையாது. தேட வேண்டிய வேலை மிச்சம். ஒரு குண்டுக்கு அடியும் அதிகம். உதைக்கும், அதுதான் சிக்கல். தூரத்தில் ஆள் தெரிந்தால் விரலை எடுக்காமல் அழுத்தாதீர்கள், ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மாடிப்படியில் மோதினால் மட்டும் மொத்தமாக இறக்குங்கள்.

விக்னேஷ்: சரி

ஹரிணி: ஐந்தும் இருந்தால்தான் மதிப்பா? தாய்மாமன் சீர் மாதிரி 😂

செல்வி அத்தை: சீர் என்றதும் ஞாபகம் வந்தது. எத்தனை தட்டு கொண்டு வருகிறார்களாம்?

மங்கை பெரியம்மா: மணிக்குக் காது குத்தும்போது என் தம்பி 21 தட்டு வைத்தான். அதையும் குறை சொன்னவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

செல்வி அத்தை: வாழைப்பழமே ஏழு தட்டு, அண்ணி.

ராசு பெரியப்பா: இலை எத்தனை என்று கேட்டேன்

விக்னேஷ்: சித்தப்பா, ஏடபிள்யூஎம் ஸ்னைப்பர் துப்பாக்கி கிடைத்தால் எனக்கு

பிரபு சித்தப்பா: அது கீழே கிடக்காது தம்பி, ஏர்டிராப்பில், அதாவது விமானம் போடும் பெட்டியில் மட்டும்தான் வரும். 20 குண்டு. லெவல் 3 ஹெல்மெட் போட்டவனையும் தலையில் ஒரே அடியில் சாய்க்கும், அதனால்தான் எல்லோரும் அதற்குச் சாகிறார்கள். இங்கேதான் நம் திட்டம். பெட்டி விழுந்தால் சிவப்புப் புகை வரும். நாம் யாரும் ஓடக் கூடாது. அவர்கள் ஓடி வருவார்கள். இரண்டு பேர் மேட்டில், இரண்டு பேர் பக்கவாட்டில் பாறைக்குப் பின்னால். பெட்டியைத் திறக்கக் குனியும்போது நான்கு பேரும் ஒன்றாக அடிக்கிறோம். நம்மில் ஒருவன் விழுந்தால் உடனே தூக்கப் போகாதீர்கள். தூக்க 10 விநாடி ஆகும், அதுவரை நீங்களும் அசைய முடியாது. முதலில் புகைக்குண்டு, அப்புறம் ஆள்.

ஹரிணி: சரி மாமா

பிரபு சித்தப்பா: உனக்கு 18 ஆகவில்லை, ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் விடும். மதியமே தீர்த்துவிடாதே.

ஹரிணி: அம்மா நம்பரில் இன்னொரு ஐடி இருக்கிறது

செல்வி அத்தை: என்னது?

மங்கை பெரியம்மா: அந்த விளையாட்டைத் தடை செய்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்களே?

பிரபு சித்தப்பா: அது பழைய கதை அண்ணி. 2020 செப்டம்பரில் பப்ஜி போனது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வந்தது. 2022 ஜூலையில் அதையும் எடுத்தார்கள், 2023 மே மாதம் திரும்பி வந்துவிட்டது.

மங்கை பெரியம்மா: இதெல்லாம் தேதியோடு நினைவிருக்கிறது. மாமா திதி மட்டும் மறந்துபோகும்.

விக்னேஷ்: 🤐

கவின்: நாலாவது ஆள் யார்? மணி அண்ணா?

விக்னேஷ்: அண்ணா வாழைமரம் கட்டணும். அண்ணியைத்தான் கேட்க வேண்டும்.

கவின்: ஒரு நிமிடம். கயல் அண்ணி இந்தக் குழுவில்தானே இருக்கிறார்?

விக்னேஷ்: போச்சு

பிரபு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கயல் அண்ணி: நான் யாருக்கும் அனுப்பவில்லை மாமா. அண்ணன் இங்கே சீர் விஷயமாக வந்திருக்கிறான். நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டிக்கு ஓட மாட்டானாம்.

கயல் அண்ணி: தட்டு 31 என்று சொல்லச் சொன்னான். வாழைப்பழம் ஒரே தட்டுதான்.

பிரபு சித்தப்பா: கவின், மேப்பை மாற்று. எராங்கல் போடு.

கவின்: அதையும் இங்கேயேதான் சொல்கிறீர்கள் சித்தப்பா

செல்வி அத்தை: 31 தட்டு என்றால் ஆள் நிறைய வருவார்கள். அப்போ கிடா மூன்றா?

ராசு பெரியப்பா: இலை