ஸ்கேண்டலுக்கு எந்தச் சொல்? ஊழல், இடறல், அலர், அம்பலப்பழி

குழுமத்தாருக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். நம் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்கேண்டல்' (scandal) என்ற இந்த ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே மட்டும் இன்னும் கேள்விக்குறி நிற்கிறது. என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஊழல் என்ற சொல்தான் பத்திரிகைகளில் புழங்குகிறதே, புதிதாக எதற்கு ஒன்று?

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் கதையை ஒரு முறை தமிழில் எழுதிப் பாருங்கள். ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் கணக்கு மென்பொருளை 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் பொருத்தினார்கள். அதில் இருந்த பிழைகளால் கல்லாவில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தி வந்தவர்கள் அந்தக் குறையைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. கட்டியும் தீராமல் பலர் வீட்டை இழந்தார்கள். 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். இப்படிப் பாதிக்கப்பட்ட அஞ்சலகக்காரர்களில் 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இதை 'அஞ்சலக ஊழல்' என்று தலைப்பிட்டால் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? அஞ்சலகம் நடத்தியவர்கள் கையாடல் செய்தார்கள் என்றுதான் நினைப்பார். ஒரு பாவமும் அறியாதவர்கள் மேல் இருபது ஆண்டுகள் சுமத்தப்பட்ட அதே பொய்யை, நம்முடைய மொழிபெயர்ப்பு இன்னொரு முறை சுமத்திவிடும். சரியான சொல் இல்லாததால் வரும் தீங்கு இது. அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

வாட்டர்கேட்டும் அப்படித்தான். 'வாட்டர்கேட் ஊழல்' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அதன் மையம் லஞ்சம் இல்லை. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் புகுந்து பிடிபட்டார்கள். அதை மூடி மறைக்க வெள்ளை மாளிகை செய்த வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கடைசியில் 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். மறுபக்கம் பாருங்கள்: மேசைக்கடியில் தினமும் கைமாறும் பணம் நிச்சயமாக ஊழல். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக, யாரும் கொதிக்காத ஒன்றாக இருக்கும் வரை அதை யாரும் ஸ்கேண்டல் என்று சொல்வதில்லை. ஊழல் செயலின் பெயர். ஸ்கேண்டலோ தவறு, அது வெளிவருவது, ஊர் கொதிப்பது என்ற மூன்றும் சேர்ந்த நிகழ்வின் பெயர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் பொருந்தாது.

> மூலச் சொல்லின் வேரைப் பிடித்து மொழிபெயர்க்கலாமே?

வேர் மிகவும் சுவையானது. கிரேக்கத்தில் ஸ்கன்டலான் என்றால் பொறி, கண்ணி. பொறியில் இரை மாட்டும் குச்சிக்கு ஸ்கன்டலேத்ரான் என்று பெயர். விலங்கு தொட்டதும் அது துள்ள, பொறி விழுந்துவிடும். பொ.ஆ.மு. 425இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் ஒரு நாடகத்திலேயே, வழக்கு மன்றத்தில் கிழவர் ஒருவரைச் சொற்பொறி வைத்து மடக்குவதற்கு இந்தச் சொல் வருகிறது. துள்ளுதல், ஏறுதல் என்ற பொருள் கொண்ட பழைய இந்தோ-ஐரோப்பிய வேரோடு இதைச் சொற்பிறப்பு அகராதிகள் இணைக்கின்றன. வடமொழியில் அதே வேரிலிருந்து வந்தது ஸ்கந்த. நம் கந்தன் பெயரும் இந்தப் பொறிக்குச்சியும் தூரத்து உறவு என்பது எனக்குப் பெரிய வியப்பு. கலைச்சொல்லுக்கு இதனால் பயன் ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கண்ணிக்கும் தடைக்கல்லுக்கும் இந்த ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள். குருடனுக்கு முன்னே வைக்கக் கூடாது என்று லேவியராகமம் சொல்லும் அந்தத் 'தடுக்கல்' கிரேக்கத்தில் ஸ்கன்டலான்தான். புதிய ஏற்பாட்டில் சொல் முழுக்க ஆன்மிகமாகிவிட்டது. தமிழ் விவிலியம் அதற்கு 'இடறல்' என்று எழுதியது: "எந்த மனுஷனால் இடறல் வருகிறதோ, அவனுக்கு ஐயோ!" எவ்வளவு அழகான, உயிருள்ள தேர்வு! பிறருடைய ஆன்மா விழுவதற்கு வாய்ப்பாக அமையும் நேர்மை குறைந்த சொல் அல்லது செயல் என்று 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு வரையறை தந்தார். கத்தோலிக்கர் வழக்கில் 'துர்மாதிரிகை' என்று சொல்வதும் இந்தப் பொருளைத்தான். ஆகவே இறையியல் பகுதியில் இடறல் என்றே வைத்துவிடலாம். அதற்கு மாற்று தேடத் தேவையில்லை.

ஆனால் அந்த வேரை வைத்துக்கொண்டு இன்றைய பொருளுக்கு வர முடியாது. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல், ஒரு பாதையில் அவதூறு என்ற பொருள் கொண்ட ஸ்லாண்டர் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் இரண்டாம் முறை நுழைந்து ஸ்கேண்டல் ஆயிற்று. இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பெரிய மனிதர்களைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவதைத் தடுக்க 1275இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்திலிருந்து வளர்ந்த குற்றத்தை லத்தீனில் 'ஸ்கேண்டலம் மக்னேட்டம்' (scandalum magnatum) என்றார்கள். அங்கே அவதூறுதான் பொருள். நம் நாட்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971இலும் நீதிமன்றத்தை 'ஸ்கேண்டலைஸ்' செய்வது குற்றம் என்று இருக்கிறது. அது இழிவுபடுத்துதல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் குற்றத்தை 2013இல் நீக்கிவிட்டார்கள், நம்மிடம் இன்னும் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு துறையிலும் பொருள் வேறாக இருப்பதால், பட்டியலில் ஒரே வரியில் இதை முடிக்க முடியாது.

> அலர் இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

இந்த மடலை வாசித்தபோது முதலில் எனக்கும் துள்ளத்தான் தோன்றியது. ஊர் வாயில் விழுவதற்கு நம்மிடம் இருப்பது போன்ற நுட்பமான சொற்கள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மொட்டு நிலையில் அம்பல், மலர்ந்த நிலையில் அலர், இரைச்சல் ஆகும்போது கௌவை. இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இது என்று வெளிப்படச் சொல்லாமல் குறிப்பாக நிற்பது அம்பல், விளங்கச் சொல்வது அலர் என்று இறையனார் அகப்பொருள் உரை பிரித்துக் காட்டுகிறது. வள்ளுவர் அலருக்கென்றே ஒரு அதிகாரம் ஒதுக்கினார்:

கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும்
திங்களைப் பாம்புகொண் டற்று

பார்த்தது ஒரே ஒரு நாள், பேச்சோ நிலவைப் பாம்பு பிடித்த செய்தி மாதிரி எங்கும் பரவிவிட்டது. பரபரப்பு பரவும் வேகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

ஆனாலும் அலர் இங்கே பொருந்தாது. அகத்திணையில் அலருக்கு ஆளாகும் காதலர் மேல் தவறே இல்லை. அலர் அவர்கள் காதலை வளர்க்கவே செய்கிறது. அடுத்த குறளிலேயே ஊரவர் கௌவை எருவாக, அன்னை சொல் நீராக அந்தக் காதல் நோய் வளர்கிறது என்கிறாள் தலைவி. ஒரு கார் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் எழுதி உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்தது 2015இல் பிடிபட்டதே, அதைப் போய் 'அலர்' என்றால் அந்தச் சொல்லின் மென்மையும் போய்விடும், செய்தியின் கடுமையும் போய்விடும். அலரை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம். திரை நட்சத்திரங்களின் காதல் பேச்சுக்கு, கிசுகிசுவுக்குப் பதிலாக யாராவது எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி.

கொழும்பு நண்பர் 'மோசடி'யை முன்வைத்தார். இலங்கைப் பத்திரிகைகளில் 2015 மத்திய வங்கி விவகாரத்தைப் 'பிணைமுறி மோசடி' என்றே எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. அதில் எனக்கு ஒரு தயக்கம். மோசடி சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயர். தீர்ப்பு வரும் முன்பே தலைப்பு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 'விவகாரம்' என்றால் பாதுகாப்புதான், ஆனால் அதில் வெட்கமும் இல்லை, கொதிப்பும் இல்லை. படை அதிகாரி ஒருவர் மேல் பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்திய வழக்கைப் பிரெஞ்சுக்காரர்கள் 'டிரைஃபஸ் அஃபேர்' என்று சொல்லும் இடத்துக்கு அது சரி.

அப்புறம், சென்ற வாரம் வந்த 'அம்பலக்கேடு'. பாதி தூரம் நன்றாகவே வந்திருக்கிறது. 'முறைகேடு அம்பலம்' என்று தினமும் செய்தித்தாள் எழுதுகிறது, அம்பலமாவது என்றால் கடைசித் தெருவில் இருப்பவருக்கும் புரியும். சிக்கல் பின்பாதியில். சீர்கேடு என்றால் சீர் கெடுவது, மானக்கேடு என்றால் மானம் கெடுவது. அந்த வரிசையில் வைத்தால் அம்பலம் கெட்டுப்போனது என்று ஆகும். கேட்டவுடன் காது அப்படித்தான் பிரிக்கும்.

அதனால் நான் முன்மொழிவது: அம்பலப்பழி.

பழி என்ற சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன, செய்த குற்றமும் அதற்காக ஊர் சொல்லும் சொல்லும். பழி நிரூபணமாகலாம், ஆகாமலும் போகலாம். ஒருவர் மேல் விழுந்த பழி இன்னொருவர் மேல் திரும்பலாம். ஹொரைசனில் நடந்ததே அதுதான்: அஞ்சலகம் நடத்தியவர்கள் மேல் போட்ட பழி, உண்மை வெளிவந்தபோது நிறுவனத்தின் மேல் திரும்பியது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் ஊரில் சொல்வார்கள். அவர்கள் சொல் அம்பலம் ஏற இருபது ஆண்டுகள் ஆயின.

உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்றிலும் சோதித்தேன். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அதைக் கிளப்பினார். சாக்ளா ஆணையம் வெளிப்படையாக விசாரித்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் விலகினார். பணம் அவர் கைக்குப் போனதாக ஆணையம் சொல்லவில்லை, தம் துறை செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றது. 'முந்த்ரா ஊழலில் பதவி இழந்தார்' என்ற வாக்கியம் அவருக்குச் செய்யும் அநியாயத்தை, 'முந்த்ரா அம்பலப்பழியில் பதவி இழந்தார்' என்பது செய்யவில்லை.

நீளம் என்று சிலர் சொல்வீர்கள். ஏழு எழுத்துதான், 'முறைகேடு'வை விட மூன்று எழுத்துதான் கூட. வாய்க்கும் தடங்கல் இல்லை.

வினையும் அடையும் தனியே உருவாக்க வேண்டியதில்லை. 'இது பெரிய ஸ்கேண்டல்' என்று ஒருவர் கோபத்தில் சொல்லும்போது 'இது வெட்கக்கேடு' என்றுதான் தமிழில் வரும், அது அப்படியே இருக்கட்டும். ஊரை 'ஸ்கேண்டலைஸ்' செய்தது என்றால் 'ஊரை முகம் சுளிக்க வைத்தது'. பெயர்களின் பின்னால் ஒட்டும் 'கேட்' விகுதி வாட்டர்கேட் என்ற கட்டடத்தின் பெயரிலிருந்து வந்தது மட்டுமே, அதை மொழிபெயர்க்க வேண்டாம்.

பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று நினைக்கிறேன்: அரசியல், வணிகம், விளையாட்டு, ஊடகம் ஆகியவற்றில் அம்பலப்பழி. இறையியலில் இடறல். நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் இழிவுபடுத்துதல். பழைய ஆங்கிலச் சட்டத்தில் அவதூறு. 'கரப்ஷன்' (corruption) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஊழலையே வைத்து, இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்.

இன்னும் ஒரு இடம் உறுத்துகிறது. பாலியல் குற்றச்சாட்டுச் செய்திகளில் 'பாலியல் அம்பலப்பழி' என்று எழுதினால், புகார் கொடுத்த பெண் மேலேயே பழி என்று யாராவது படித்துவிடக் கூடும். அங்கே 'பாலியல் வன்கொடுமைப் புகார்' என்று நடந்ததை நேரே சொல்வதே நல்லது என்பது என் எண்ணம். செய்தி மேசையில் வேலை பார்ப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதைப் பற்றி எழுதுங்கள். சட்ட வரியை வழக்கறிஞர் யாராவது பார்த்துச் சொன்னபின் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்