அரசிதழில் வராத சட்டம் சட்டமா? ஹர்லா வழக்கு ஹார்ட் பக்கமா, ஃபுல்லர் பக்கமா?

சட்டக்கல்லூரி_மூன்றாமாண்டு:
சட்டவியல் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹர்லா எதிர் ராஜஸ்தான் மாநிலம் (1951) வழக்கில், வெளியிடப்படாத ஜெய்ப்பூர் அபினிச் சட்டத்தின் கீழ் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இது சட்டத்துக்குள்ளேயே ஓர் அறம் உண்டு என்று வாதிட்ட அமெரிக்க அறிஞர் ஃபுல்லருக்கு வெற்றி, பாசிட்டிவிஸ்டுகளுக்குத் தோல்வி என்று வகுப்பில் குறிப்பு கொடுத்தார்கள். எனக்கு அது இடிக்கிறது. அதிகாரம் உள்ளவர்கள் முறைப்படி நிறைவேற்றினால் அது சட்டம், நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி: பாசிட்டிவிசம் இதுதானே? அப்படியானால் இந்தத் தீர்ப்பே தவறு என்றா பாசிட்டிவிஸ்டான ஆங்கிலேய அறிஞர் ஹார்ட் சொல்லியிருப்பார்?

மேல்முறையீட்டுப்பிரிவு:
முதலில் தீர்ப்பின் விவரங்களைப் பாருங்கள், தம்பி. பெரும்பாலான நோட்ஸ்களில் முக்கியமான தேதி விட்டுப்போகிறது.

1922-ல் ஜெய்ப்பூர் மகாராஜா இறந்தபோது வாரிசுக்கு வயது வரவில்லை. ஆட்சி நடத்திய அமைச்சரவை 11-12-1923 அன்று ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசிதழில் போடவில்லை. வேறு எந்த வழியிலும் மக்களுக்குத் தெரிவிக்கவும் இல்லை. 1938-ல் அதே சட்டத்தில், '1-9-1924 முதல் அமல்' என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தின் கீழ்தான் ஹர்லாவுக்கு 50 ரூபாய் அபராதம்.

இனி முடிச்சு எங்கே என்று பாருங்கள். இனிமேல் இயற்றும் சட்டங்கள் அரசிதழில் வர வேண்டும் என்று காட்டும் ஜெய்ப்பூர்ச் சட்டம் 1-11-1924-ல்தான் அமலுக்கு வந்தது. அபினிச் சட்டம் அதற்கு முந்தையது. அதாவது, 'வெளியிட்டே ஆக வேண்டும்' என்று அதைக் கட்டுப்படுத்தும் எழுத்து விதி எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் நீதிபதி விவியன் போஸ் இயற்கை நீதியால், அதாவது எழுதப்படாத அடிப்படை நியாயக் கொள்கைகளால், நிரப்பினார்.

நீங்கள் எழுதியிருக்கும் பாசிட்டிவிசம் ஏறக்குறைய 19-ம் நூற்றாண்டு அறிஞர் ஆஸ்டினுடையது: ஆள்பவர் கட்டளையிட்டார், ஆகவே சட்டம். ஹார்ட் 1961-ல் உடைத்ததே அதைத்தான். அவர் சொல்லும் அங்கீகார விதி என்பது, எது சட்டம் என்று முடிவுசெய்ய நீதிபதிகளும் அதிகாரிகளும் நடைமுறையில் பொதுவாகக் கையாளும் அளவுகோல். அதில் 'நிறைவேற்றம்' மட்டும் இருக்கலாம், 'நிறைவேற்றம், கூடவே வெளியீடு' என்றும் இருக்கலாம். எது இருக்கிறது என்பதை அந்த ஊர் நடைமுறையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த அளவுகோலே தெளிவில்லாத இடங்கள் உண்டு, அங்கே நீதிமன்றம் ஒரு முடிவெடுத்து, மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டால் அதுவும் விதியின் பகுதியாகிவிடும் என்று ஹார்ட்டே சொல்கிறார். ஆகவே ஹார்ட்டுக்கு ஹர்லா தோல்வி அல்ல.

எட்டுவழி:
மேலே சொன்னது சரி. ஆனால் ஃபுல்லரை இவ்வளவு லேசாகத் தாண்டிப் போகக் கூடாது.

சட்டம் செய்யப் போய்த் தோற்க எட்டு வழிகள் உண்டு என்று ஃபுல்லர் 1964-ல் பட்டியலிட்டார். இரண்டாவது வழி, விதியை அதற்குக் கட்டுப்பட வேண்டியவர்களுக்குத் தெரிவிக்காமல் விடுவது. எட்டில் ஏதாவது ஒன்றில் முழுமையாகத் தோற்றாலும் கிடைப்பது மோசமான சட்டம் அல்ல, சட்டமே அல்ல என்பது அவர் வாதம். ஹர்லா அரைகுறை வெளியீடு அல்ல, முழுப் பூஜ்யம். ஃபுல்லருக்கு இதைவிட வலுவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஹார்ட் 1965-ல் எழுதிய மதிப்புரையில் பதில் சொன்னார்: நஞ்சு வைப்பதற்கும் உள்விதிகள் உண்டு, குடித்தவர் வாந்தி எடுத்துவிடும் நஞ்சைத் தவிர்க்க வேண்டும் என்பது போல. அவை காரியம் பலிப்பதற்கான விதிகள், அறம் அல்ல. வாதம் கூர்மையானதுதான். ஆனால் ஹர்லா தீர்ப்பின் காரணத்தைப் படியுங்கள். 'வெளியிடாவிட்டால் சட்டம் பலிக்காது' என்று அது பேசவில்லை. தக்க முயற்சி எடுத்தாலும் தெரிந்துகொள்ள வழியில்லாத ஒன்றுக்காக ஒருவரைத் தண்டிப்பது நீதிக்கு முரண் என்கிறது. குடிமகனுக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது என்ற பேச்சு அது. இதை வெறும் தொழில்நுட்பமாகச் சுருக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

(விதிகள் மட்டுமல்ல, கோட்பாடுகளும் சட்டத்தின் பகுதி என்று ஹார்ட்டை மறுத்த டுவார்கினையும் ஒரு பத்தி சேர்க்கலாம்: எழுத்து விதி இல்லாத இடத்தில் ஒரு கோட்பாடு முடிவைத் தீர்மானித்தது. தாத்தாவைக் கொன்ற பேரனுக்கு உயில் சொத்து மறுக்கப்பட்ட 1889 நியூயார்க் வழக்கோடு நேராகப் பொருந்தும்.)

சுங்கவழக்கு:
ஹர்லாவோடு நிறுத்தினால் பாதிப் படம்தான். இன்னும் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வையுங்கள்.

மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் வழக்கு. இந்தியா வழியே தங்கம் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்திய, 8-11-1962 தேதியிட்ட ரிசர்வ் வங்கி அறிவிக்கை 24-ம் தேதி அரசிதழில் வந்தது. 27-ம் தேதி சூரிக்கில் விமானம் ஏறியவர் 34 கிலோ தங்கத்தோடு 28-ம் தேதி பம்பாயில் பிடிபட்டார். அவருக்குத் தெரிய வழியே இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. இந்தியாவில் வழக்கமான முறையில் வெளியானால் போதும் என்றது பெரும்பான்மை. சுப்பா ராவ் மாறுபட்டார். 'தெரிந்திருக்க வேண்டும்' என்பது இங்கே 'அரசிதழில் இருக்க வேண்டும்' என்று சுருங்கிவிட்டது. இது ஹார்ட் பாணி அளவுகோல்.

அடுத்தது ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் (2020). பாகிஸ்தான் பொருட்களுக்கு 200 சதவீத வரி விதித்த அறிவிக்கை 16-2-2019 அன்று மின்னணு அரசிதழில் ஏறிய நேரம் இரவு 20:46:58. அதற்கு முன்பே அன்று ஆவணம் தாக்கல் செய்தவர்களிடமும் சுங்கத்துறை புது வரி கேட்டது. அந்த நொடிக்கு முன் அறிவிக்கைக்கு உயிர் இல்லை என்றது நீதிமன்றம்.

சட்டக்கல்லூரி_மூன்றாமாண்டு:
நன்றி சார். பொதுப்பிரிவுகள் சட்டம் (1897) பிரிவு 5-ன்படி, வேறு தேதி சொல்லாத மத்தியச் சட்டம் ஒப்புதல் கிடைத்த நாளிலேயே அமலாகிறதே? அரசிதழே தேவையில்லை என்று ஆகாதா?

மேல்முறையீட்டுப்பிரிவு:
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். உட்பிரிவு 3-ஐயும் சேர்த்தால் முந்தைய நள்ளிரவிலிருந்தே அமல். ஹர்லா தீர்ப்பே பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டங்களைத் தனியாக வைத்துப் பேசுகிறது: பிரதிநிதிகள் வெளிப்படையாக விவாதிக்கிறார்கள், பத்திரிகைகளில் வருகிறது. மூடிய அறைத் தீர்மானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

குற்றச் சட்டங்களில் இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே அமல் தேதியைத் தனியே அறிவிப்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு ஒப்புதல் 25-12-2023, அமல் 1-7-2024. விபத்தில் ஒருவர் சாகக் காரணமாகிவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பியோடும் ஓட்டுநரைப் பற்றிய பிரிவு 106(2) மட்டும் அன்று அமலுக்கு வரவில்லை. நிறைவேறியது, அரசிதழிலும் வந்தது, ஆனாலும் அதன் கீழ் யாரையும் தண்டிக்க முடியாது. உங்கள் விடையில் 'செல்லுபடி', 'அமல்' இரண்டையும் பிரித்துக் காட்ட இதை எடுத்துக்கொள்ளுங்கள்.