சம்பளம் கூடியதால் 2½ வயது மகளின் மெடிக்கெய்டையும் நிறுத்துகிறார்கள்: என்ன செய்வது?

பாலாடை:
அமெரிக்காவில் இருக்கிறோம். அக்டோபர் 1 முதல் எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு. மார்ச்சில் வேலை மாறி மாதச் சம்பளம் கூடியது, ஆன்லைன் கணக்கில் பதிந்துவிட்டேன். இப்போது ஏப்ரல் 14 தேதியிட்ட கடிதம் வந்திருக்கிறது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டியதால் மூவருக்கும் ஏப்ரல் 30-உடன் முடிகிறதாம். மகளுக்கு மே 8-ல் 30 மாதச் செக்கப் இருக்கிறது. புதிதாக விண்ணப்பிப்பதா, அப்பீல் போவதா? எங்கள் மாநிலத்தில் 6 வயது வரை நீடிக்கும் திட்டம் இல்லை.

கோப்புக்கட்டு:
அப்பீல். அதுவும் 30-ம் தேதிக்குள்.

உங்கள் இருவருக்கும் நிறுத்தியது சரியாகவே இருக்கலாம், மகளுக்கு நிறுத்தியது செல்லாது. 2024 ஜனவரி 1 முதல் 19 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு மெடிக்கெய்டும் சிப்பும் (CHIP, மெடிக்கெய்ட் வரம்பைச் சற்றுத் தாண்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான அரசுக் காப்பீடு) ஒருமுறை கிடைத்தால் 12 மாதம் தொடரவேண்டும் என்பது எல்லா மாநிலத்துக்கும் சட்டம். நடுவில் வருமானம் எவ்வளவு ஏறினாலும் அது காரணம் ஆகாது. நிறுத்தக்கூடிய காரணங்கள் சில மட்டுமே: வயது 19 ஆவது, வேறு மாநிலத்துக்குக் குடிபோவது, நீங்களே வேண்டாம் என்று கேட்பது, இறப்பு, முதலில் கொடுத்ததே அலுவலகத் தவறாலோ பொய்த் தகவலாலோ என்று தெரிவது. ஆகவே மகளின் கணக்கு செப்டம்பர் 30 வரை ஓடவேண்டும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் கிடைத்தது ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ போட்டுக்கொடுத்த தற்காலிக அனுமதி என்றால் அதற்கு இந்த 12 மாதப் பாதுகாப்பு இல்லை. முழு அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று தேடி எடுத்து வையுங்கள்.

பாலாடை:
இருக்கிறது. முழு அனுமதிதான். போனில் பேசினால் போதாதா?

கோப்புக்கட்டு:
போனும் பண்ணுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். போனில் "வருமானம் அதிகம் ஆயிற்றே" என்று வாதம் தொடங்கினால் அதில் இறங்கவேண்டாம். "குழந்தையின் 12 மாதத் தொடர் தகுதி எந்தத் தேதியில் முடிகிறது?" என்று கேளுங்கள். சிஸ்டத்தில் அந்தத் தேதி பதிந்திருந்தால் அங்கேயே தவறு வெளிப்பட்டுவிடும். பேசியவர் பெயர், நேரம், அழைப்பு எண் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்பீலை எழுத்தில் போடுங்கள். மகளின் பெயர், மெடிக்கெய்ட் எண், கடிதத்தின் தேதி, இரண்டே வரி: "அக்டோபர் 1-ல் தகுதி கிடைத்தது, 12 மாதம் முடியவில்லை. இடைவெளி இல்லாமல் தொடரவேண்டும்." முடிவுத் தேதிக்கு முன்பே கேட்டால் விசாரணை முடியும்வரை காப்பீடு ஓடும். பல படிவங்களில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். அப்பீல் தோற்றால் இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. உங்கள் விஷயத்தில் அது பெரிய பயமில்லை.

இதற்கிடையில் புது விண்ணப்பம் வேண்டாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு கேஸ் எண் உருவாகி, பின்னால் எதை மூடுவது எதைத் திறப்பது என்று அலுவலகமே குழம்பும்.

அகல்விளக்கு:
இந்தச் சிக்கல் புதிதில்லை. கம்ப்யூட்டர் மொத்தக் குடும்பத்தையும் ஒரே மூட்டையாகப் பார்க்கும்போது பிள்ளைகள் சேர்ந்து விழுகிறார்கள். பிள்ளைகளுக்கான வருமான வரம்பு பெரியவர்களுடையதைவிட உயரம், ஆகவே தகுதியை ஆள் ஆளாகத்தான் பார்க்கவேண்டும். 2023-ல் ரின்யூவலில் இதே கோளாறு பல மாநிலங்களில் பிடிபட்டு, ஏறத்தாழ 5 லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அவர்களில் பிள்ளைகள் ஏராளம்.

உங்கள் இருவருக்கும் ஒரு வழி இருக்கலாம். "பெற்றோர்" பிரிவில் இருந்து, முந்தைய 6 மாதத்தில் 3 மாதமாவது மெடிக்கெய்ட் வாங்கியிருந்து, சம்பளம் கூடியதால் தகுதி போனால் இடைமாற்ற மெடிக்கெய்ட் என்று ஒன்று உண்டு. 12 மாதம் வரை கிடைக்கும். வருமானத்தை வைத்துப் பெரியவர்களைச் சேர்க்கும் விரிவாக்கப் பிரிவில் வந்தவர்களுக்குக் கிடையாது. எந்தப் பிரிவு என்று அதே போனில் கேட்டுவிடுங்கள்.

மே 8-க்குள் சரியாகாவிட்டால் கிளினிக்கின் பில்லிங் பிரிவில் அப்பீல் நகலைக் காட்டி, பில்லை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பின்தேதியிட்டுத் திறந்ததும் அவர்களே மெடிக்கெய்டுக்கு அனுப்பலாம். அதற்காகச் செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள், 30 மாதத்தில் வளர்ச்சிப் பரிசோதனை செய்வார்கள்.

பாலாடை:
நன்றி. செப்டம்பரில் என்ன ஆகும்?

கோப்புக்கட்டு:
முதலில் அலுவலகம் தன்னிடமுள்ள தரவை வைத்தே புதுப்பிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் பாதி நிரப்பிய படிவம் வரும், திருப்பி அனுப்பக் குறைந்தது 30 நாள் தருவார்கள். கையெழுத்து விட்டுப்போன படிவமும் வராத படிவமும் அவர்களுக்கு ஒன்றுதான். பெற்றோருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தாலும் படிவத்தை அனுப்பியே தீரவேண்டும். தவறி நின்றுபோனால் 90 நாளுக்குள் அதே படிவத்தை அனுப்பலாம், புது விண்ணப்பம் தேவையில்லை.

மெடிக்கெய்ட் வரம்பைத் தாண்டினாலும் சிப்புக்குப் பொருந்துகிறதா என்று அவர்களே பார்த்து மாற்றவேண்டும். அதுவும் இல்லையென்றால் கம்பெனி இன்சூரன்ஸில் சேர்க்க 60 நாள் உண்டு. ஹெச்ஆரில் "30 நாள்தான்" என்பார்கள். அது மற்ற காப்பீடு போனவர்களுக்கு. மெடிக்கெய்டோ சிப்போ போனால் 60.

முதல்பிறந்தநாள்:
இடையில் ஒரு கேள்வி. பையன் பிறந்தபோது எனக்கு மெடிக்கெய்ட் இருந்ததால் அவனைத் தானாகவே சேர்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் 1 வயது. நான் எதாவது செய்யணுமா?

அகல்விளக்கு:
ஆமாம், கவனமாக இருக்கவேண்டிய மாதம் இது. தானாகக் கிடைத்த தகுதி 1 வயதோடு முடிகிறது, அப்போது புதுப்பிக்கவேண்டும். பல மாநிலங்களில் 1 முதல் 5 வயது வரையான வருமான வரம்பு கைக்குழந்தைக்கானதைவிடக் குறைவு. அவனுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்பார்கள், வாங்கியிருக்காவிட்டால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். குடியுரிமைச் சான்று திரும்பக் கேட்டால், தாயின் மெடிக்கெய்டில் பிறந்த குழந்தைக்கு அது தேவையில்லை என்று சொல்லுங்கள். உங்கள் முகவரி மெடிக்கெய்ட் அலுவலகத்தில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மெடிக்கெய்ட் பிளானை நடத்தும் இன்சூரன்ஸ் கம்பெனியில் மாற்றியது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம்.