புதுப்பிப்பு: வேலையை விட்டு நாவல் எழுத உட்கார்ந்தேனே, அது என்ன ஆச்சு?

வேலையை விட்டாச்சு, இனி தினம் ஆயிரம் சொல் என்று மார்ச்சில் வீரமாக எழுதியிருந்தேன். அந்தக் கணக்கு மூன்றாவது வாரமே படுத்துவிட்டது. இப்போது விடிகாலை ஐந்திலிருந்து எட்டரை வரை எழுதுகிறேன். முந்நூறு சொல் தேறினால் நல்ல நாள். மதியம் எழும்பூர் கன்னிமாரா நூலகம். கைச்செலவுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. அந்தப் பணம் எப்போது வரும் என்பது தனி நாவல்.

நடுவில் ஒரு கூத்து. கதை நடப்பது 1955 மதுரையில். நாயகன் டீக்கடையில் மீதி ஐந்து பைசாவுக்காகச் சண்டை போடுகிறான். பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏண்டா, அப்ப ஏதுடா அஞ்சு பைசா? அணாக் கணக்குல்ல!" என்றார். சரிதான். 1957 ஏப்ரல் 1 அன்றுதான் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. அதுவரை பதினாறு அணா.

சோம்பேறித்தனமாக, 'பைசா' வரும் இடமெல்லாம் 'அணா' என்று கணினியில் ஒரே தட்டில் மாற்றினேன். டீ பத்து அணாவுக்கு ஏறிவிட்டது! அப்புறம் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். சண்டை இப்போது அரையணாவுக்கு. அந்தச் சொல் வந்ததும் கடைக்காரர் வாயில் வசவும் தானாக வந்தது. இரண்டு பக்கம் கூடிவிட்டது.

பதினோராம் அத்தியாயத்தில் இருக்கிறேன். பெரியப்பா அடுத்ததாக பஸ் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.